முதலில் மானிட்டர், பிறகு கணினி: குறைந்த செலவில் கேமிங் மேசைக் கணினிக்கு நான்கு வழிகள்

கேமிங் கணினி வாங்கப் பணம் சேர்த்துவிட்டவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். ரெடிமேடாக ஒன்றை வாங்குவதா, உதிரி பாகங்களை வாங்கிப் பொருத்துவதா, பழைய அலுவலகக் கணினியில் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகுவதா, இல்லை இப்போதைக்குக் கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் தொடங்குவதா? இந்த நான்கையும் நாள்கணக்கில் அலசுகிறவர்கள்கூட மானிட்டரைப் பற்றி யோசிப்பதில்லை. மிச்சப் பணத்தில் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பேன். கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு உழைக்க வேண்டும், பிராசசர் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்ற இரண்டையும் தீர்மானிப்பது மானிட்டர். கார்டை நான்கைந்து ஆண்டுகளில் மாற்றத் தோன்றும். நல்ல மானிட்டரோ அடுத்த கணினிக்கும் உழைக்கும்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி, என்ன விளையாடப் போகிறீர்கள் என்பது. வேலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் படத்தின் அழகைவிட வேகம் முக்கியம். சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகளில் நொடிக்கு 60 பிரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் தனிப் படம்) சீராகக் கிடைத்தால் போதும், படம்தான் கண்ணுக்கு விருந்தாக இருக்க வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் ஒரே கணினி சமமாகப் பொருந்தாது.

அடுத்தது, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்றி வேகத்தைக் கூட்ட முடியுமா என்பது. மூன்றாவது, பழுது வந்தால் யார் பார்ப்பார்கள். நான்காவது, விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்: விண்டோஸ் உரிமம், வைஃபை கார்டு, விசைப்பலகை, மவுஸ், ஹெட்போன். இவற்றில் எவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று எழுதிப் பார்த்த பிறகுதான் கையில் உள்ள தொகையின் உண்மையான அளவு தெரியும்.

## மானிட்டர்: 1080பி போதுமா, 1440பி வேண்டுமா?

1080பி திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி திரையில் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் 83 லட்சம், முதலாவதைப் போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு பிரேமுக்கும் கிராபிக்ஸ் கார்டு இத்தனை புள்ளிகளையும் வரைந்தாக வேண்டும். அதனால் சிக்கனமாக வாங்குகிறவர்கள் 4கேயை மறந்துவிடலாம். திரை மலிவாகக் கிடைத்தாலும் அதை ஓட்டும் கார்டு மலிவாகக் கிடைக்காது.

ரெப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது, வேறு கணக்கு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிநொடி. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகக் குறைகிறது, 240 ஹெர்ட்ஸில் 4.2. முதல் தாவலில் ஏறத்தாழ 10 மில்லிநொடி மிச்சமாகிறது, அடுத்ததில் மூன்றுகூட இல்லை. 60இலிருந்து 144க்குப் போனால் மவுஸை நகர்த்திய உடனேயே வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் போட்டிகளில் தீவிரமாக ஆடுகிறவர்களுக்குத்தான் பயன். 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை எது கிடைத்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ரெசல்யூஷன், அதாவது பிக்சல்களின் எண்ணிக்கை, ஏற ஏறச் சுமை கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும். ரெப்ரெஷ் ரேட் ஏற ஏறப் பிராசசரின் தலையிலும் விழும், ஏனென்றால் நொடிக்கு அத்தனை முறை விளையாட்டின் நிலையைக் கணக்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. போட்டி விளையாட்டு ஆடுகிறவர் 1080பி, 165 ஹெர்ட்ஸ் திரையோடு நல்ல பிராசசரும் நடுத்தரக் கார்டும் வாங்குவது சரி. கதை விளையாட்டுக்காரர் 1440பி திரையோடு பிராசசரில் சற்றுச் சிக்கனம் பிடித்துக் கார்டில் செலவழிப்பது சரி.

அளவையும் சேர்த்துப் பாருங்கள். 24 அங்குல 1080பி திரையில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். அதே 1080பியை 27 அங்குலத்தில் வாங்கினால் 82 ஆகிவிடும், மேசைத் தூரத்தில் எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 1440பி வாங்குங்கள், அதில் 109 பிக்சல்.

1440பி வாங்கினால் கார்டு திணறிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் ஆகிய நுட்பங்கள் படத்தைச் சிறியதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுகின்றன. 'குவாலிட்டி' நிலையில் 1440பிக்கு உள்ளே வரையப்படுவது சுமார் 1707 × 960, அதாவது 16.4 லட்சம் பிக்சல்கள். முழு 1080பியில் வரைய வேண்டியதைவிட இது குறைவு. பெரிதாக்கும் வேலைக்கும் கொஞ்சம் நேரம் போகும் என்றாலும், 1080பியை நன்றாக ஓட்டும் கார்டு பல விளையாட்டுகளில் 1440பி திரையையும் சமாளித்துவிடும். அதே நிலையை 1080பி திரையில் வைத்தால் உள்ளே வரையப்படுவது வெறும் 720பி, அங்கே படம் மங்குவது கண்ணில் படும். ஆக, இந்த நுட்பத்தின் முழுப் பயன் 1440பி திரை வைத்திருப்பவர்களுக்கே.

பேனல், அதாவது படம் காட்டும் திரைப்பலகையின் வகை, விஷயத்தில் எனக்குத் தயக்கமில்லை: ஐபிஎஸ். நிறம் நன்றாக இருக்கும், பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் மாறாது. விஏ பேனலின் கறுப்பு ஐபிஎஸ்ஸைவிட மிக ஆழமானது, இருட்டறையில் திகில் விளையாட்டு ஆட அருமையாக இருக்கும். ஆனால் மலிவான விஏ திரைகளில் இருண்ட காட்சிகள் நகரும்போது பின்னால் கறை போல் ஒரு நிழல் இழுபடும். பழைய டிஎன் பேனலை இனி வாங்க வேண்டியதில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் '1 மில்லிநொடி' என்ற, பிக்சல் நிறம் மாறும் நேரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது சாதகமான அமைப்பில் எடுத்த அளவு. எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே கூடுதல் வேறுபாடு காட்டும் வசதிக்கான 'டிஸ்பிளே எச்டிஆர் 400' முத்திரையும் அப்படித்தான். திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கச் செய்யும் வசதியை அது கட்டாயமாக்கவில்லை, அந்த வசதி இல்லாத எச்டிஆர் பெயரளவில்தான். மாறாக, கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது அடாப்டிவ் சிங்க். பிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதால் படம் நடுவில் வெட்டுப்பட்டது போல் கிழியாது. 2019 ஜனவரியில் இருந்து என்விடியா கார்டுகளும் இந்தத் திரைகளோடு வேலை செய்கின்றன. அது எந்த எல்லைக்குள் இயங்குகிறது என்றும் பாருங்கள். 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரைதான் என்றால் பலன் குறைவு. 48 முதல் 144 போல மேல் எல்லை கீழ் எல்லையைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், 48க்குக் கீழே இறங்கினாலும் ஒரே பிரேமை இருமுறை காட்டிச் சமாளிக்கும்.

## வழி ஒன்று: ரெடிமேட் கேமிங் கணினி

விளம்பரத்தில் ஒரு வரி இப்படி இருக்கும்: 'ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு'. இதை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஐ7 என்றால் எந்தத் தலைமுறை? 2013இல் வந்த ஐ7-4770உம் ஐ7தான். நான்கு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக இயங்கும் கணக்கிடும் அலகு) கொண்ட அந்தப் பிராசசரை 2022இல் வந்த ஐ3-12100 எளிதாக மிஞ்சும். 16 ஜிபி என்றால் ஒரே ராம் குச்சியா, இரண்டு 8 ஜிபியா? ஒரே குச்சி என்றால் நினைவகத்தின் பாதை பாதியாகக் குறுகி, விளையாட்டில் வேகம் குறையும். 4 ஜிபி கிராபிக்ஸ் என்பது ஜிடி 730 ஆகவும் இருக்கலாம், ஜிடிஎக்ஸ் 1650 ஆகவும் இருக்கலாம். இரண்டிலும் 4 ஜிபி உண்டு, வேகத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மதர்போர்டு, பவர் சப்ளை இரண்டின் பெயரும் அந்த வரியில் இல்லவே இல்லை, சிக்கனம் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். மாடல் எண்களை முழுமையாக எழுதித் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

பெரிய நிறுவனங்களின் தயாரிப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மதர்போர்டும் பவர் சப்ளையும் அவர்களுக்கே உரிய வடிவத்தில் இருந்தால், பிறகு ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

இத்தனைக்கும் பிறகு இந்த வழியை ஒதுக்கித்தள்ளிவிட மாட்டேன். மொத்தக் கணினிக்கும் ஒரே வாரண்டி, விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் விலைக்குள்ளேயே. 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. அப்படிப்பட்ட காலத்தில், முன்பே பாகங்களை மொத்தமாக வாங்கி வைத்த நிறுவனத்தின் கணினி, உதிரியாகச் சேர்ப்பதைவிட மலிவாகவே கிடைக்கலாம். இரண்டு விலையையும் ஒரே நாளில் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## வழி இரண்டு: உதிரி பாகங்களைப் பொருத்துவது

ஒவ்வொரு பாகத்தையும் நீங்களே தேர்ந்தெடுப்பதால் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். 1080பிக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப் போன்ற ஆறு கோர் பிராசசர், இரண்டு 8 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 4060 வகைக் கார்டு, 550 வாட் தரமான பவர் சப்ளை என்பது நிதானமான பட்டியல். ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வாட். பெரிய பவர் சப்ளை தேவையில்லை, நல்ல பவர் சப்ளைதான் தேவை. '80 பிளஸ்' முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனைச் சொல்கிறது, பாதுகாப்புக்கு அது சான்று இல்லை.

கார்டில் நினைவகத்தைக் கவனியுங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் ஒரே பெயரில் 8 ஜிபியாகவும் 16 ஜிபியாகவும் விற்கப்படுகின்றன. 1440பி திரை எடுத்திருந்தால் 16 ஜிபிக்கே போங்கள். 8 ஜிபி நிரம்பிவிட்டால் சராசரி எண்ணிக்கை நன்றாக இருக்கும்போதே திடீர் திடீரென்று படம் திக்கும், அந்த எரிச்சல் எந்த அமைப்பை மாற்றினாலும் முழுதாகப் போகாது. இன்டெல்லின் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருகிறது. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே தடவையில் அணுகுவது) வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அது மிகவும் தடுமாறும்.

மதர்போர்டில், ஏஎம்டி பிராசசர்களுக்கான பழைய சாக்கெட் வகையான ஏஎம்4 மலிவு, ஆனால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2022இல் வந்த ஏஎம்5க்கு டிடிஆர்5 ராம் வேண்டும், செலவு கூடும். அடுத்த சில ஆண்டுகளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அந்தக் கூடுதல் செலவுக்குப் பொருள் உண்டு. ஐந்தாண்டுகள் எதையும் தொடப்போவதில்லை என்றால் ஏஎம்4 போதும்.

இந்த வழியின் கஷ்டம் பொருத்துவதில் இல்லை, பழுதில்தான். கணினி ஒருநாள் எழவில்லையென்றால் கோளாறு ராமிலா, போர்டிலா, பவர் சப்ளையிலா என்று மாற்றிப் பார்க்க உங்களிடம் உபரிப் பாகங்கள் இருக்காது. வாரண்டியும் பாகத்துக்கொன்றாகத் தனித்தனியே இருக்கும்.

## வழி மூன்று: பழைய அலுவலகக் கணினியில் புதுக் கார்டு

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை அலுவலகங்களில் இருந்து கழிக்கப்பட்டு மிக மலிவாக வருகின்றன. தொடக்கச் செலவில் இதை எதுவும் வெல்ல முடியாது. ஆனால் சரியான மாடலைப் பிடிக்காவிட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும்.

முதலில் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 11இல் வேலரண்ட் ஓடவும் டிபிஎம் 2.0உம், கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் இயங்கியாக வேண்டும். ஆகவே ஆறு கோர் கொண்ட ஐ5-8500 கணினியில் இருந்து பார்க்கத் தொடங்குங்கள். நான்காம் தலைமுறை ஐ7 பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

அடுத்து உடம்பு. மெலிந்த கேபினெட்டில் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும். பவர் சப்ளையில் கிராபிக்ஸ் கார்டுக்கான தனி இணைப்பு பெரும்பாலும் இருக்காது, செருகுமிடம் தருவது 75 வாட் மட்டுமே. அந்த எல்லைக்குள் இயங்குவன: 70 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, தனி இணைப்பு கேட்காத சில ஜிடிஎக்ஸ் 1650 மாடல்கள். ஆர்எக்ஸ் 6400உம் 53 வாட்டில் ஓடும், சிறிய உருவம், பார்த்தால் இதற்கென்றே செய்தது போல் இருக்கும். ஆனால் கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ பாதைகளில் அது நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. எட்டாம் தலைமுறைக் கணினியில் இருப்பது பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 என்பதால், 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் வேகம் சரிகிறது. பவர் சப்ளையை மாற்றிவிடலாமே என்றால், பல மாடல்களில் போர்டுக்கான இணைப்பே வேறு வடிவம்.

1080பியில் நடுத்தர அமைப்புகளோடு ஆடினால் போதும், பிறகு இதையே வளர்க்கும் ஆசை இல்லை என்கிறவருக்கு இது நல்ல வழி. வளர்க்க நினைத்தால் முட்டுச்சந்து.

## வழி நான்கு: கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் தொடங்குவது

ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்ற பிராசசர்களுக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. போட்டி விளையாட்டுகள் 1080பியில் குறைந்த அல்லது நடுத்தர அமைப்பில் ஓடிவிடும். கனமான கதை விளையாட்டுகளுக்கு 720பிக்கு இறங்க வேண்டும், அப்போதும் எல்லாம் ஓடாது. இங்கே கிராபிக்ஸ் பயன்படுத்துவது ராமையேதான். ஒரே குச்சியோடு வாங்குவது வாங்கிய வேகத்தின் பெரும்பகுதியைத் தூக்கி எறிவதற்குச் சமம், இரண்டு குச்சி கட்டாயம்.

பின்னால் கார்டு சேர்க்கும்போது ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். பிராசசருக்குள் இருக்கும் அதிவேக நினைவகமான எல்3 கேஷ் 5600ஜியில் 16 எம்பி, சாதாரண 5600இல் 32 எம்பி. 5600ஜியில் பிசிஐஇயும் 3.0 வரைதான். அதே கார்டைச் செருகினாலும் 5600ஜி கொஞ்சம் பின்தங்கும். ஒரு வருடத்துக்குள் கார்டு வாங்கிவிடுவேன் என்று உறுதியாக இருப்பவர், காத்திருந்து வழி இரண்டுக்கே போவது மேல். கார்டு எப்போது வாங்க முடியும் என்றே தெரியாதவருக்கும், பாடமும் வேலையும் முதலில், விளையாட்டு பிறகு என்பவருக்கும் இந்த வழி நன்றாகப் பொருந்தும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரெடிமேட் | உதிரி பாகங்கள் | அலுவலகக் கணினி + கார்டு | கார்டு இல்லாமல் |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் | மிகக் குறைவு | குறைவு |
| செலவுக்கேற்ற வேகம் | மாடலைப் பொறுத்தது | மிக நன்று | நன்று, ஆனால் எல்லை உண்டு | குறைவு |
| பின்னால் வளர்ப்பது | சிலவற்றில் கடினம் | எளிது | ஏறக்குறைய முடியாது | எளிது |
| பழுது வந்தால் | ஒரே வாரண்டி | பாகத்துக்கொரு வாரண்டி | பெரும்பாலும் நம் பொறுப்பு | பாகத்துக்கொரு வாரண்டி |
| ஒளிந்திருக்கும் செலவு | தரம் குறைந்த போர்டு, பவர் சப்ளை | விண்டோஸ், வைஃபை, நேரம் | எஸ்எஸ்டி, ராம், பொருந்தாத கார்டு | வேகமான ராம், பிறகு வாங்கும் கார்டு |
| ஏற்ற மானிட்டர் | 1080பி அல்லது 1440பி | 1080பி அல்லது 1440பி | 1080பி | 1080பி |

என் தேர்வு இதுதான்: ஸ்குரூடிரைவரைப் பிடிக்கப் பயமில்லை என்றால் உதிரி பாகங்கள், அதனோடு ஐபிஎஸ் மானிட்டர். வீட்டில் பழுது பார்க்க யாருமில்லை, வாங்கிய நாளே ஓட வேண்டும் என்றால் மாடல் எண்கள் அனைத்தும் வெளிப்படையாக உள்ள ரெடிமேட். இரண்டுக்குமே பணம் போதாதென்றால், தரமில்லாத புதுக் கணினிக்குப் பதில் நல்ல அலுவலகக் கணினியை வாங்கி, மிச்சத்தை மானிட்டரில் போடுங்கள். பிறகு கணினி மாறும்போதும் மானிட்டர் உங்களிடமே இருக்கும்.

பயன்படுத்திய கார்டு வாங்குவதும் செலவைக் குறைக்கும். 2022 செப்டம்பரில் எதிரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அப்படி உழைத்ததாலேயே ஒரு கார்டு கெட்டுப்போனதாகிவிடாது. விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கலாம், அவ்வளவுதான். அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெப்பம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறதா, விசிறியில் உரசல் சத்தம் வருகிறதா, திரையில் வண்ணப் புள்ளிகள் தெறிக்கின்றனவா என்று பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் திறந்து பாருங்கள். கார்டின் பயாஸை (உள்ளே பதிந்த அடிப்படை மென்பொருள்) மாற்றிச் சிறிய கார்டுக்குப் பெரிய கார்டின் பெயர் சூட்டி விற்கும் ஏமாற்றைப் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

## வாங்கி வந்த அன்றே

மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்புறத்தில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். முடிந்தால் டிஸ்பிளே போர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள், சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக முழு ரெப்ரெஷ் ரேட் கிடைக்காது. அடுத்து விண்டோஸின் டிஸ்பிளே அமைப்புக்குள் போய் 144 அல்லது 165 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பல நேரம் அது 60லேயே நிற்கும், வேகமான திரையை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் 60 ஹெர்ட்ஸில் ஆடுகிறவர்கள் உண்டு. மதர்போர்டின் பயாஸில், ராம் வேகத்துக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்கினால்தான் ராம் தன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடும். கடைசியாக, முழுக் கறுப்பு, முழு வெள்ளை, முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் என்று திரை முழுவதையும் ஒரே நிறமாக்கிச் செத்த பிக்சல் இருக்கிறதா என்று தேடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்தாக வேண்டும், மானிட்டரின் பெட்டியையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.